ஒரு மணி பஸ்ஸை நிறுத்திய நிபுணர்

மதுரையில் ஒரு கல்லூரியில் வெகுகாலமாகப் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த என்னை, அரசு ஒரு குழுவில் உறுப்பினராகப் போட்டது. நட்டத்தில் ஓடும் கிராமத்துப் பஸ்களைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் குழுவின் வேலை. என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கே பிடிபடவில்லை. தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் போக்குவரத்து அமைச்சரின் கட்சியைப் பாராட்டிப் பேசியதை மனைவிதான் ஞாபகப்படுத்தினாள். அதைப் பொருளாதாரக் கருத்து என்றே நான் நினைத்திருந்தேன்.

மனைவியின் ஊர் பேரையூர்ப் பக்கம். என் கல்யாணத்துக்குக்கூட பேனர் வைக்காத அந்த ஊரில், இப்போது ‘மண்ணின் மருமகனே’ என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் படத்தைவிட வாழ்த்தியவர்களின் படங்கள் பெரிதாக இருந்தன.

குழுவுக்குக் கார் கொடுத்திருந்தார்கள். அதனால் பஸ்ஸில் ஏற வேண்டிய அவசியம் ஒருநாளும் வரவில்லை. டிக்கெட் விவரமெல்லாம் கணினியிலேயே வந்தது. கிராமங்களுக்குப் போகும் இந்த டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இலவசச் சீட்டுதான். வருமானம் தராத சீட்டுகளைக் கணக்கில் சேர்ப்பது முறையாகாது என்று அவற்றை மொத்தமாக நீக்கினேன். கவனக்குறைவால் செய்ததல்ல, அதற்கு ஒரு அடிக்குறிப்பும் எழுதி, கூட்டத்தில் வாசித்துப் பாராட்டும் வாங்கினேன்.

அப்படி நீக்கிப் பார்த்தபோது காலியாக ஓடிய பஸ்களில் ஒன்று, பேரையூரிலிருந்து மனைவியின் ஊருக்குப் பகல் ஒரு மணிக்குப் போவது. மாமனார் ஊர் என்று சலுகை காட்டாமல் அதையும் பட்டியலில் சேர்த்தேன். இந்த நேர்மையை வீட்டில் சொன்னபோது, அந்தப் பஸ்ஸில் என்றைக்காவது போயிருக்கிறீர்களா என்று மனைவி கேட்டாள். பொருளாதாரம் அப்படிப் போய்ப் பார்த்துச் செய்கிற காரியமில்லை என்று விளக்கினேன்.

பஸ் நின்றது. சில மாதம் கழித்து ஒரு காதுகுத்துக்கு ஊருக்குப் போனோம். ஃப்ளெக்ஸ் ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரையில் கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. இலை போட்டு, கறி வைத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மனைவியின் சின்னம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்துக் கத்தரிக்காயை விடியற்காலை வேனில் பேரையூர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, ஒரு மணி பஸ்ஸில்தான் அவரும் மற்ற பெண்களும் திரும்புவார்களாம். இப்போது வெறும் கூடையோடு உச்சி வெயிலில் நடந்து வருகிறார்களாம்.

“பஸ்ஸுல ஆளே இல்லன்னு எழுதிட்டீகளாமே மாப்ள. நாங்க அம்புட்டுப் பேரும் அதுலதான வந்தோம்? எங்களுக்கும் கண்டக்டரு சீட்டு குடுத்தாரே.”

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். அடிக்குறிப்பை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, எனக்கே அது விளங்காமல் போனது.

மதுரைக்குத் திரும்பியதும் அறிக்கையில் பிழை இருப்பதாகக் குழுவுக்கு எழுதினேன். அறிக்கையை ஏற்றுக்கொண்டதும் குழுவைக் கலைத்துவிட்டதால், பிழையைப் பெற்றுக்கொள்ள யாரும் இல்லை என்று துறையிலிருந்து பதில் வந்தது. கடைசியில் அமைச்சர் மதுரை வந்தபோது விருந்தினர் மாளிகையில் காத்திருந்து பார்த்தேன். ஆதாரத்துக்கு நான்கு அட்டவணை கொண்டுபோயிருந்தேன். முதல் அட்டவணையை எடுக்கும் முன்பே அவர் கையமர்த்தினார்.

“பொம்பளைங்கள விட்டுட்டு எப்படி சார் கணக்குப் போட்டீங்க? அவங்கதான சார் ஓட்டு.”

நான் மாதக்கணக்கில் கண்டுபிடிக்காததை அவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

தேர்தல் நெருங்கியிருந்தது. அடுத்த வாரமே பேரையூரில் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, அமைச்சர் கொடியசைத்தார். மேடையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். இந்த நிபுணர் ஆராய்ந்து சொன்னதால்தான் தாய்மார்களுக்கு இந்தப் பஸ் கிடைத்தது என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார். மைக் என் கைக்கு வந்தது. நிறுத்தச் சொன்னவனும் நான்தான் என்று சொல்லத்தான் எழுந்தேன். முன்வரிசையில் மாவட்டச் செயலாளர், பின்னால் கேமராக்கள். அமைச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கீழே இறங்கியபோது சின்னம்மா சால்வையைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல துணிதான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருக்கலாம்ல மாப்ள?” என்றார். நான் சால்வையை மடிக்கத் தொடங்கினேன். பஸ் கிளம்புகிறது என்று அவர் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கட்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மக்கள் மனசறிந்த பொருளாதார நிபுணர் ஒருவர் தேர்தல் அறிக்கைக் குழுவுக்குத் தேவை, வருகிறீர்களா என்று கேட்டார்கள். மனைவி எதிரிலேயே நின்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டுவிட்டேன்.