பத்து எண்ணும்வரை காத்திருந்த அக்கா

அக்கா போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். அவருடைய நினைவு மலருக்குக் குடும்பத்தில் ஒருவர் கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். குடும்பத்தில் மிச்சம் நான் ஒருவன்தான், போட்டியில்லாமல் ஜெயித்துவிட்டேன். மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்தும் அது என்னிடம் ஒட்டவில்லை. அதனால் நான் சொல்ல, அக்காவிடம் வேலை பழகிய செல்வி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது. நன்றாக இருந்தால் என்னுடையது.

நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள டாலாவில் அக்கா பிறந்தார். அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் தலையில் குட்டியதும் அவர்தான். தினமும் ஆற்றைத் தாண்டிப் போய்ப் படித்து டாக்டர் ஆனார். நான் அதே படகுத்துறையில் சைக்கா என்கிற சைக்கிள் வண்டி மிதித்து ஆள் ஏற்றினேன்.

"கூடப் பிறந்தவங்கன்றீங்க, மூளை பூரா அங்க போயிடுச்சா?" என்று சவாரிக்காரர்கள் கேட்பார்கள்.

"பாகம் பிரிச்சப்போ எனக்கு முட்டிக்காலு வந்துச்சுங்க" என்பேன்.

அப்பா காலமான பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் தின்கன்ஜூனுக்கு வாடகைக்கு வந்தோம். அக்கா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். பேச்சு வராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, காரணமில்லாமல் நாள் முழுக்க அழுகிற பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வருவார்களாம். இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பழக்கும் படிப்பு ஒன்று ஆஸ்திரேலியாவில் இருந்தது. அக்காவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம். மிங்கலாடோனில் விமானம் ஏற்றிவிட்டு வந்து, பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறு வடித்தேன். இரண்டு பங்கையும் நானே தின்றேன்.

படிப்பு முடிகிற சமயம், பக்கத்துக் கடை அயூப் பாய் வந்து கூப்பிட்டார். போன் அவர் கடையில்தான் இருந்தது.

"என்னை இங்கயே இருக்கச் சொல்றாங்கடா" என்றார் அக்கா. "நம்மள மாதிரி நாட்டுலருந்து வர்றவங்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கணுமாம். மூணு வருஷம். நீ என்ன சொல்ற, வந்துடட்டுமா?"

வா என்று சொன்னால் போதும். எழுதச் சொன்னால்கூட எழுதியிருப்பேன், எனக்குத் தெரிந்த சில எழுத்துகளில் அதுவும் ஒன்று.

"வந்து எங்க படுப்ப? உன் கட்டில்ல மிளகாய் காயப் போட்டிருக்கேன்" என்றேன்.

அக்கா சிரித்தார். "சரிடா. வேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.

பாய் என்னையே பார்த்தார். "ஏன் தம்பி, வரச் சொல்ல வேண்டியதுதானே?"

கட்டிலில் மிளகாய் எதுவும் இல்லை. அக்கா மடித்து வைத்த போர்வை அப்படியே இருந்தது. அடுத்த மூன்று வருடம் நான் சொன்ன வேடிக்கையை எல்லாம் வீட்டுப் பல்லிதான் கேட்டது. அதுவும் சிரிக்கவில்லை.

பாதித் தலை நரைத்து அக்கா திரும்பி வந்தார். வந்ததும் நான்கு பெண்களைச் சேர்த்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கப் பழக்கினார். டாலாவில் என் சைக்காதான் ஆராய்ச்சி வண்டி. ஒரு நாள் ஒரு தமிழ் வீட்டில், பையன் எப்படி இருக்கிறான் என்று செல்வி கேட்டாள்.

"நல்லா இருக்கான் சயாமா" என்றார் அந்தத் தாய். டாக்டரம்மாவை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். "ரொம்பச் சமத்து. ஒரு தொந்தரவு கிடையாது."

செல்வி குறித்துக்கொண்டு தாளைத் திருப்பப் போனாள். அக்கா அந்தத் தாளின் மேல் கையை வைத்தார். அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று நானும் காத்திருந்தேன். அந்தத் தாய் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஆறு வயசு ஆகுது சயாமா. என்னை ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டதில்ல" என்றார் பிறகு.

திரும்பும்போது படகில் அக்கா சொன்னார், "பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாத செல்வி. மனசுக்குள்ள பத்து எண்ணு. நல்லா இருக்கான்றது வாசல்ல வச்சிருக்குற பதில். உள்ள இருக்குறது எந்திரிச்சு வர நேரமாகும்."

"இது ஆஸ்திரேலியாவுல சொல்லிக் கொடுத்ததா சயாமா?"

"இல்ல. ஒரு போன்ல கத்துக்கிட்டது. வச்சப்புறம்தான் எண்ணிப் பாத்தேன். புரியறதுக்குள்ள அங்க கையெழுத்துப் போட்டாச்சு."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். நான் ஆற்றைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆறு. அன்றுதான் அவ்வளவு உற்றுப் பார்த்தேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், படுத்திருந்தவர் என்னைக் கேட்டார். "எப்படிடா இருக்க?"

"உன்னை விடத் தேவலாம். என் மூக்குல குழாய் இல்ல."

அக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. ஏழு வரை தாங்கியிருப்பேன்.

"போகாதக்கா" என்றேன்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா வந்திருப்பேன்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப என் கையில இல்லையே."

அக்காவைக் கடைசிவரை கவனித்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், பாடைக்கு மூங்கில் வாங்கி வந்ததோடு தோளும் கொடுத்த அயூப் பாய்க்கும், ஆறு கடந்து பிள்ளைகளோடு வந்து நின்ற டாலாத் தாய்மார்களுக்கும், செல்வியோடு பழகிய மற்ற மூன்று பெண்களுக்கும் நன்றி. ஒரு வருடமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிக்கும் உங்களுக்கும் நன்றி.

"அவ்வளவுதானா மாமா?" என்கிறாள் செல்வி.

"அவ்வளவுதான். நான் நல்லா இருக்கேன்னு போட்டு முடிச்சிடு."

எழுதினாள். ஆனால் பேனாவை மூடாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அக்கா நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்.

"இன்னும் ரெண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.