பெருமாள்சாமியின் பித்தளைச் சிங்கம்

இது நடந்தது. நம்பாதவர்கள் திண்டுக்கல் பழனி ரோட்டில் இறங்கி, பாஸ்கலின் கார் பட்டறை எது என்று யாரையும் கேட்கலாம். கை காட்டுவார்கள். உச்சி வேளையில் கேட்டால் மட்டும், "செத்த நேரம் கழிச்சுப் போங்க" என்பார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள்.

பாஸ்கல் பொய்யே சொல்லாதவன் என்று சத்தியம் செய்ய முடியாது. "நாளைக்கு ரெடி" என்று அவன் சொன்ன எந்த வண்டியும் மறுநாள் ரெடியானதில்லை. பட்டறைக்காரனுக்கு அது தொழில் தர்மம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் பேச்சு இன்றுவரை மாறியதில்லை. பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் ஸ்பேனரைத் தூக்கி எறிகிற ஆள். அவனுக்குப் பயம் வராது. கோபம்தான் வரும். காலையில் முதலில் கோபம் வரும், அப்புறம்தான் காபி.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, பூ வாசம் என்று ஒரு முறை இருக்கிறதல்லவா? இங்கே அது எதுவும் கிடையாது. சித்திரை மாதத்துப் பட்டப்பகல். மண்டையைப் பிளக்கிற வெயில். இந்தப் பேய்க்கு நேரங்காலமே தெரியவில்லையே என்றுதான் தோன்றும்.

வருஷம் 1962. புகையிலை மண்டி பெருமாள்சாமியைத் தெரியாதவர்கள் அப்போது ஊரில் இல்லை. நாற்காலி போட்டு நடக்கும் எந்தக் காரியத்துக்கும் அவர்தான் தலைவர். பஜனை மடத்துக்குத் தலைவர், பேட்மிண்டன் கிளப்புக்குத் தலைவர், கால்நடைக் கண்காட்சிக்கும் தலைவர். பந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. மாட்டுக்கு எத்தனை பல் என்று தெரியாது. மாலை எந்தப் பக்கமிருந்து வரும் என்பது மட்டும் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

அவர், சீமைக்குத் திரும்பிய ஒரு கொடைக்கானல் எஸ்டேட் துரையிடமிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே சீட். கம்பிச் சக்கரம். தலைக்கு மேல் கூரை கிடையாது. அந்தக் காருக்குள் அவருடைய தொந்தியும் ஸ்டியரிங்கும் ஒரே சமயத்தில் இருப்பது கஷ்டம்தான். இருந்தாலும் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, சால்வை பறக்கப் பறக்க, தாடிக்கொம்பு ரோட்டில் அவர் விரட்டும்போது, கோழிகள் உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் ரோட்டைக் கடந்தன.

மே மாத சீசனில் கொடைக்கானலில் கார் அழகுப் போட்டி வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. காரை ஓட்ட வேண்டியதில்லை. ஏரிக்கரையில் நிறுத்தினால் போதும். நடுவர் வெள்ளைக் கைக்குட்டையால் மட்கார்டுக்கு அடியில் துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டை அழுக்கானால் கார் தோற்றது.

"கப்பு வரணும் பாஸ்கலு. வரலைன்னா நீ ஷெட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிரு" என்றார் பெருமாள்சாமி.

ஷெட்டின் ஒவ்வொரு தகரமும் பாஸ்கல் தன் கையால் அடித்தது. தகரம் நின்ற மண் மட்டும் பெருமாள்சாமியுடையது. பாஸ்கலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினான்.

சக்கரக் கம்பிகளைப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். அடிப்பாகத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். பேகம்பூரில் பதனிட்ட தோலில் சீட்டுகளைப் புதிதாகத் தைக்க வைத்தான். இடது மட்கார்டில் ஒரு ஒடுக்கு இருந்தது. அரைப் பூசணிக்காயைக் கவிழ்த்து அமுக்கியது போல உருண்டையான பள்ளம்.

"தேங்கா விழுந்துருச்சு" என்றார் பெருமாள்சாமி.

"நல்லவேளை, மேல கூரையில்லாத வண்டியில மண்டைக்கு விழல."

அவர் சிரிக்கவில்லை. பாஸ்கல் பள்ளத்தைத் தட்டி எடுத்து, தேய்த்து, மேலே சிவப்புப் பெயிண்ட்டை அடுக்கடுக்காக அடித்தான். ஒடுக்கு இருந்த இடமே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிங்கம் வேண்டியிருந்தது. பானெட் நுனியில் பித்தளைச் சிங்கம், வம்சத்து அடையாளம். அவர் அப்பா காலம் வரை அந்த வம்சத்துக்கு இருந்த ஒரே அடையாளம் தராசுதான். வார்ப்பதற்கு ஒரு பித்தளைக் குடத்தை அனுப்பி வைத்தார். ஒரு பக்கம் அப்பளமாக நசுங்கிய குடம்.

"புதுப் பித்தளையே வாங்கலாமே மொதலாளி?"

"வீட்டுப் பித்தளைலே. ராசியானது. இதையே உருக்கு."

பூட்டுகளுக்குப் பித்தளை வார்க்கும் சௌகத் அலியிடம் குடத்தைக் கொண்டுபோனான் பாஸ்கல். சௌகத் அலி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ்கலு, கழுத்துக்குக் கீழ பேரு வெட்டியிருக்குப்பா. பொம்பளப் பேரு மாதிரி தெரியுது."

கல்யாணச் சீர் கொடுக்கும்போது பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது வழக்கம். அப்படிப்பட்ட பாத்திரம் உலைக்கு வந்தால், சௌகத் அலி பெயர் உள்ள இடத்தை மட்டும் தகடாக வெட்டியெடுத்து அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"பேரோட போட மாட்டேன்பா. தொழில் சொல்லிக்குடுத்த எங்க அத்தாவும் போட்டதில்ல."

அன்று பார்த்து பாஸ்கலுக்குப் பெயிண்ட் இரண்டு முறை வழிந்திருந்தது. "பேராவது மண்ணாவது! போட்டிக்கு நாள் நெருங்குது, நீங்க ஜாதகம் பாக்குறீகளா பாய்? அம்புட்டையும் தூக்கி உலையில போடுங்க!"

அந்தப் பெயர் என்ன என்றுகூட அவன் பார்க்கவில்லை. சௌகத் அலி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போ" என்றார்.

சிங்கம் வந்தது. பல்வலி வந்த நாய் மாதிரி இருந்தது.

"நான் சிங்கத்த எங்கப்பா பாத்தேன்?" என்றார் சௌகத் அலி.

வெள்ளிக்கிழமை. பட்டறை ஆட்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். பாஸ்கல் தனியாக உட்கார்ந்து, பானெட்டில் முடுக்கிய சிங்கத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான். முனிசிபாலிட்டிச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதி ஓய்ந்தது.

சிங்கத்தின் நெஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

துடைத்தான். மறுபடி ஒரு சொட்டு. நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். வானம் அடுப்பாக எரிகிற மாதத்தில் கூரை எங்கே ஒழுகும்? மறுபடி துடைத்தான். மறுபடி சொட்டு.

அப்போதுதான் தரையைப் பார்த்தான். வாசலிலிருந்து கார் வரைக்கும், சிமெண்ட் தரையில் ஈரப் புள்ளிகள். ஓரடிக்கு ஒரு புள்ளி. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடந்தால் தளும்பி விழுமே, அப்படி. காலடித் தடம் எதுவும் இல்லை. புள்ளிகள் இடது மட்கார்டு வரை வந்திருந்தன. அதற்கு மேல் இல்லை. திரும்பிப் போன புள்ளிகளும் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பான். பாஸ்கலுக்குக் கோபம் வந்தது. மதுரையிலிருந்து போட்டிக்கு வரும் எவனோ ஆள் வைத்துப் பெயிண்டைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினான். வாசலில் நின்று, தெருவில் யாருமே இல்லாதபோது, யாரையோ பார்த்து அரை மணி நேரம் திட்டினான்.

மறுநாள் சிங்கத்தின் நெஞ்சில் புள்ளி புள்ளியாக ஓர் எழுத்து இருந்தது. 'மு'.

அரம் எடுத்து ராவினான். போய்விட்டது. அடுத்த நாள், 'முத்து'. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ராவினான். சிங்கத்தின் நெஞ்சு ஒட்டிப்போனதுதான் மிச்சம். புதன்கிழமை பெருமாள்சாமி வந்தபோது, பெயர் முழுசாக இருந்தது.

முத்துப்பேச்சி.

"யாரு மொதலாளி இது?"

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "யாரா இருந்தா உனக்கென்னலே? ராவித் தள்ளு."

"ராவுனா திரும்ப வருது."

"நீயே வெட்டிட்டு எங்கிட்டயே கத விடுறியா? உனக்கு ஷெட்டு வேணுமா, வேணாமா?"

சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசலுக்குப் போக இடது பக்கமே குறுக்கு வழி. ஆனால் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, காரின் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். பாஸ்கல் அதைக் கவனித்தான்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது. மறுநாள் கார் மலையேற வேண்டும். இன்றைக்கு எவனாவது வரட்டும், மண்டையைப் பிளக்கிறேன் என்று பாஸ்கல் கதவை உள்ளே தாழிட்டு, மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சங்கு ஊதியது.

ஓய்ந்தது.

தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

சொட்...

தாழிட்ட கதவுக்கு உள்பக்கம். தரையில் ஒரு புள்ளி.

சொட்...

"யார்ரா அது?"

அடுத்த புள்ளி ஓரடி தள்ளி விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கிட்டே. மேலே வெறும் காற்று. காற்றிலிருந்து தண்ணீர் விழுந்தது.

சொட்...

அவன் கால் பெருவிரலில்.

தகரக் கூரைக்கு அடியில் பானைத் தண்ணீரே கொதிக்கிற நேரம். இது கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த மாதிரி... சில்லென்றிருந்தது.

அது அவனைத் தாண்டிப் போனது. மட்கார்டுக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரு பெண் மூச்சு வாங்கினாள்.

"ஸ்ஸ்... அப்பாடா..."

சுமையை இறக்கி வைக்கப் போகிறவளின் மூச்சு.

இறக்கி வைக்கவில்லை.

ணங்!

அவன் கண் முன்னால், பளபளவென்று மின்னிய சிவப்பு மட்கார்டு உள்ளே போனது. அதே இடம். அதே உருண்டைப் பள்ளம். தரையெல்லாம் தண்ணீர்.

மடியிலிருந்த சுத்தியல் எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்குக் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பெருமாள்சாமி புதுச் சால்வையோடு வந்தார். மட்கார்டைப் பார்த்தார். "என்னலே பண்ணி வச்சிருக்க?" என்று பாய்ந்து போய்ப் பள்ளத்தில் கை வைத்தார். வைத்த கையைத் தூக்கிப் பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரம்.

"தண்ணி... யாரு ஊத்துனது?"

"முத்துப்பேச்சி" என்றான் பாஸ்கல்.

எங்கேயும் மாலை வாங்காமல் திரும்பாத மனிதர், நழுவி விழுந்த சால்வையைக்கூட எடுக்காமல், காரையும் விட்டுவிட்டுப் போனார். கொடைக்கானலில் எவனோ கப்பு வாங்கினான். திங்கட்கிழமை, ஷெட்டைப் பூட்ட இரண்டு ஆட்களை அனுப்பினார். உச்சி வேளையில் உள்ளே போனவர்கள், பூட்டை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். வேறு ஆள் வரவில்லை. அவர் அதற்குப் பிறகு பழனி ரோட்டிலேயே வரவில்லை.

ஷெட் தப்பித்தது. பாஸ்கலுக்குத்தான் தூக்கம் போனது. விட்ட கோபம் வட்டியோடு திரும்பி வந்தது. பெருமாள்சாமி தினமும் விரட்டிய பாதையிலேயே சைக்கிளை மிதித்து, ஒவ்வொரு ஊராக அந்தப் பெயரைக் கேட்டான். அகரத்தில், பூந்தோட்டத்தில் நின்றிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். பெயர் பழனியம்மாள்.

"எங்க அக்கா. அவ செத்து ரெண்டு மாசம் ஆச்சு. எதுக்குக் கேக்குறீக?"

"எப்படிச் செத்தாக?"

"தண்ணி எடுக்கப் போனா. ரோட்டோரத்துல கெடந்தா. வெயிலுக்கு மயங்கி விழுந்துட்டான்னு எழுதிட்டாக. மயங்கி விழுந்தா இடுப்பெலும்பு நொறுங்குமா? கேக்கத்தான் ஆளில்ல."

"எந்நேரம்?"

"உச்சி வேளைதான். சங்கு ஊதுற நேரம். ரோட்டுல ஈ காக்கா இருக்காது."

பாஸ்கல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான்.

"அவ இடுப்புல இருந்த கொடத்த மட்டும் காணல. எங்கம்மா பேரு வெட்டிக் குடுத்த சீரு. எந்த நாய் தூக்கிட்டுப் போச்சோ..." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொடம் போனாப் போகுது. அவ பேரு இருக்குற துண்டாவது கெடச்சா, சாமிகிட்ட வச்சிருப்பேன்."

அந்தப் பெயரைப் பார்க்காமலே உருக்கச் சொன்னவன் பாஸ்கல்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நேராகச் சௌகத் அலியிடம் வந்து, எல்லாவற்றையும் கொட்டினான். "நான்தான் பாய்! அந்தப் பேரையும் சேத்து உலையில போடச் சொன்னேன்!"

சௌகத் அலி எழுந்து உள்ளே போனார். மாடத்திலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. ஓரமெல்லாம் உளி வெட்டு.

"நீ கத்துன. எனக்கு மனசு வரலப்பா. உருக்குறதுக்கு முன்னாடியே வெட்டி எடுத்து வச்சுட்டேன். உன் கோவம் ஆறுனதும் உங்கிட்டக் குடுக்கலாம்னு இருந்தேன்."

பாஸ்கல் குனிந்து பார்த்தான். புள்ளி புள்ளியாக, முத்துப்பேச்சி. கடைசி எழுத்தில் ஒரு புள்ளி மட்டும் வரிசை தவறிக் கோணலாக விழுந்திருந்தது. சிங்கத்தின் நெஞ்சிலும் அதே புள்ளி அதே கோணலில் இருந்தது அவனுக்குப் பார்த்துப் பார்த்து மனப்பாடம்.

"அப்ப... சிங்கத்துல இந்தப் பேரு கலக்கவே இல்லையா பாய்?"

"இல்லப்பா. ஒரு புள்ளிகூடக் கலக்கல."

ஊருக்குள் முனிசிபாலிட்டிச் சங்கு ஊதியது. சௌகத் அலியின் கையிலிருந்த தகட்டின் ஓரத்தில் ஈரம் திரண்டு, இருவர் காலுக்கும் நடுவே விழுந்தது.

சொட்.