பின்னால் நின்ற அக்கா

என்னிடம் இருக்கும் வீடியோக்களில் அக்கா ஒரு பச்சை நிறம். தங்கையின் கல்யாணத்தன்று கட்டியிருந்த பட்டுப்புடவையின் பச்சை. அது மணப்பெண்ணுக்குப் பின்னால் நகரும், குனியும், மறுபடி நிமிரும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறமாக ஏதோ கலங்கித் தெரியும். எடுத்தவன் நான்தான். கல்யாண வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு.

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். அப்பா போன பிறகு அக்காதான் இரண்டு பஸ் மாறி பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் எங்களை ஆளாக்கினாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல இவ கழுத்துல தாலி ஏறட்டும்" என்று தங்கையைக் காட்டிவிடுவாள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கைப்பேசியை வைத்துக்கொண்டு எல்லோரையும் அவள்தான் எடுப்பாள். அவளை யாரும் எடுத்ததில்லை. வீட்டிலேயே ஒரு கேமராக்காரன் இருந்தும் இந்த லட்சணம்.

தங்கை கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் புதுக் கேமரா வாங்கியிருந்தேன். பெரிய சென்சார். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் போய் விழுகிற தகடுதான் சென்சார். எங்கள் பழைய ஹேண்டிகேமில் அது ஒரு துவரம்பருப்பு அளவு. புதியதில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் சிறியது. சின்ன சென்சாரில் முன்னால் நிற்கும் மாப்பிள்ளையிலிருந்து பின்சுவர்ச் சிலுவை வரை எல்லாம் ஒரே தெளிவாக விழும். பெரிய சென்சாரில் அதே ஆளை அதே அளவுக்குப் பிடிக்க நீளமான லென்ஸ் வேண்டும். அதன் துவாரத்தையும் முழுக்கத் திறந்துவிட்டால், தெளிவாக இருப்பது ஒரு சாண் ஆழம்தான். மணப்பெண்ணின் இமைமுடியை எண்ணலாம். இரண்டு மூன்றடி பின்னால் நிற்பவர் கரைந்துபோவார். இதைத்தான் சினிமா மாதிரி இருக்கிறது என்கிறோம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். நான் நாள் முழுக்கத் துவாரத்தைத் திறந்தே வைத்திருந்தேன். ஹேண்டிகேமை ஸ்டாண்டில் மாட்டி ஹால் மூலையில் வைத்த என் கூட்டாளியை, "அந்தப் பொம்மைய எதுக்குடா தூக்கிட்டு வந்த?" என்று கேலி செய்தேன். "இருக்கட்டும் மச்சா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றான்.

வீடியோ தயாரானதும் வீட்டு டிவியில் போட்டேன். மாப்பிள்ளையின் நண்பர்கள், "சக்கத்தா இருக்கு குரு" என்று கன்னடம் கலந்து பாராட்டி முதுகில் தட்டினார்கள். அக்கா மட்டும் திரைக்குக் கிட்டே போய் நின்று தேடினாள்.

"நான் எங்கடா?"

"அதோ, பச்சையா."

"மூஞ்சியே காணோமே."

"பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படித்தான்க்கா வரும். அதான் அழகு."

"சரி சரி, பொண்ணு நல்லா தெரியறா இல்ல, அது போதும்" என்று சிரித்தபடி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. தொழில் தெரிந்தவனாகப் பதில் சொல்லிவிட்ட பெருமைதான் இருந்தது.

போன வருஷம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவள் வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கத் தொழிற்சாலை அடையாள அட்டைப் படம்தான் கிடைத்தது. அதில் யாரிடமோ திட்டு வாங்கியவள் மாதிரி இருப்பாள். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஊர்ப் பொண்ணுங்கள எல்லாம் புடிச்சு வெச்சிருக்க. எம் பொண்ணு நடக்கறத, சிரிக்கறத ஒரு தடவ காட்டுடா."

கல்யாண வீடியோ முழுவதையும் மறுபடி தோண்டினேன். பச்சைதான் வந்தது. மங்கலைத் தெளிவாக்குமாம் என்று ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அது அந்தப் புடவைக்கு மேல் அழகான ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தது, யாரோ ஒரு பெண்ணின் முகத்தை. அதை அம்மாவிடம் காட்டும் அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. வெட்கத்தை விட்டுக் கூட்டாளிக்குப் போன் செய்தேன். "அந்த ஹேண்டிகேம் கார்ட நான் அழிக்கவே இல்ல மச்சா" என்றவன், மறுநாள் மதியமே கொண்டுவந்து கொடுத்தான்.

கல்யாணத்தன்று மாலை நடந்த வரவேற்பு அதில் இருந்தது. ஹாலின் வெளிச்சம் சின்ன சென்சாருக்குப் போதவில்லை. படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி. ஆனால் எதுவும் கரையவில்லை. கேக் வெட்டும் ஜோடி, எதிரே கேமராவும் கையுமாக நான், எனக்குப் பின்னால் அக்கா. முகம் இருந்தது. கையில் ஒரு தட்டு, அதை மூடி இன்னொரு தட்டு. வீடியோக்காரனுக்கு எப்போதும் கடைசிப் பந்தி. அதற்குள் பிரியாணியில் கறி தீர்ந்துவிடும். எனக்காக முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ ஏதோ கேட்க, என்னைக் காட்டிச் சிரிக்கிறாள். ஒருமுறை என் தோளைத் தொடக் கை நீட்டி, படம் ஆடிவிடும் என்று நினைத்தோ என்னவோ, இழுத்துக்கொள்கிறாள். இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறாள். நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கடைசியில் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு, ஆறிப்போயிருக்கிறதே என்று அவளிடம் சிடுசிடுத்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அழுதுவிட்டேன்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு வந்த இடத்தில் கையைத் திரையில் வைத்தாள். பிறகு கடைசி வரை பார்த்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்கறா பாரு. பீன்யால எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற காலுடா அது. அத்தன சேரு காலியா கெடக்குதே, ஒருத்தராவது உக்காரும்மான்னு சொல்லலையா?"

காலி நாற்காலிகள் ஒவ்வொன்றும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவற்றில் ஒன்று, படத்தில் நின்ற எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.