பச்சை ஸ்டிக்கர் ஃப்ளாப்பி

காந்திபுரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார் அவர். முழுக்கைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. யார் ஃப்ளாப்பி நீட்டினாலும், "தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று சொல்லி, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் திறப்பார்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் மனைவியின் ஆய்வேடு பாதி இருந்தது. வைரஸ் பயத்தைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு இலவச ஆன்டிவைரஸ் கொடுத்துவிட்டார்கள். மூன்றையும் அவரிடம் கொண்டுபோய், எதைப் போடலாம் என்று கேட்டேன்.

மேசையிலிருந்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய தன் ஃப்ளாப்பியை எடுத்தார்.

"இது சுத்தமானதுங்க. இதுலருந்துதான் எல்லாருக்கும் காப்பி போட்டுத் தாரேன். இதைப் பார்த்து எது கத்துதோ, அது ஆகாதுங்க."

இரண்டு சும்மா இருந்தன. மூன்றாவது, வைரஸ் என்று கத்தியது.

"அப்ப இது வேண்டாமுங்களா?" என்றேன்.

அவர் பீரோவிலிருந்து, கம்பெனி கொடுத்த அசல் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டு ஒப்பிட்டார். பச்சை ஸ்டிக்கரில் ஃபைல்கள் அசலைவிடப் பெருத்திருந்தன; வைரஸ் ஒட்டியிருந்தது.

"கத்துனதையே போட்டுக்குங்க. என்னையே புடிச்சுப்போட்டுதுங்க!"

உடனே போனை இழுத்துவைத்து, வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஏனுங்க, நான் குடுத்த ஃப்ளாப்பியில வைரஸ் இருக்குதுங்க. கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வாங்க, நானே சரி பண்ணித் தாரேன்." தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கிற குரல்.

என் தவறைச் சொல்ல நேரும்போதெல்லாம் அந்தக் குரலில் பேசிப் பார்க்கிறேன். பாதியிலேயே கம்மிவிடுகிறது.