முதல் வரிசையில் ஒன்று காலி

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே முழங்காலை நுழைத்துப் பார்க்கிறார். தாராளமாகப் போய்வந்தால் சரி. இடித்தால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். இப்படிப் போட்டால் முப்பதிலேயே அருங்காட்சியகத்தின் கூட்ட அறை நிறைந்துவிடும். "அறுபதைப் போட்டு அசிங்கப்படுறதுக்கு, முப்பதைப் போட்டு மானத்தோட இருக்கலாம்ல?" ஊழியர் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் 'நாற்காலி அக்கா' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

பத்தொன்பது வருடங்களாகக் கீழ்த்தளத்தில் வேலை. ஓவியக் கண்காட்சி என்றால் தலையைச் சாய்த்து ஒவ்வொரு சட்டத்தின் கோணலையும் பிடித்துவிடுவார். "படம் புரியலைன்னா பரவாயில்ல சார், நேராத் தொங்கணும்." இலக்கியக் கூட்டம் என்றால் கதவருகே நின்றபடியே இருப்பார். இத்தனை வருடங்களில் நிறையக் கவிதை கேட்டிருப்பீர்களே என்றால், "கேட்டேனா? யாரு எந்திரிச்சுப் போறாங்கன்னு பாக்கவே சரியாப் போயிரும்" என்பார்.

இந்த மாதம் அந்தக் கவலை கூடிவிட்டது. புகைப்படத்தில் காலி நாற்காலி தெரிந்தால் இதுவே கடைசிக் கூட்டம் என்று புது அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். இந்த அறையைப் பூட்டினால் அக்காவுக்கு மாடிக் காட்சிக்கூடம்தான். அதற்கு நாற்பத்திரண்டு படிகள். அவருடைய இடது முழங்கால் ஏழாவது படியிலேயே மக்கர் பண்ணும்.

நல்லவேளையாகக் கூட்டத்தன்று மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒதுங்கி நின்றவர்களிடம் போனார். "நிக்கிறதுக்கு உள்ள வந்து உக்காரலாம்ல? பயப்படாதீங்க, கவிதை கடிக்காது." ஒன்பது பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

கவிஞர் வாசிக்கத் தொடங்கியபோது முதல் வரிசையில் ஒன்று மட்டும் காலி.

"அதைத் தூக்கிருங்கக்கா" என்று கிசுகிசுத்தார் புகைப்படக்காரர்.

"தூக்குனா பல்லு போன வாய் மாதிரி தெரியும்பா."

"அப்ப நீங்களே உக்காருங்க" என்றார் பக்கத்தில் நின்ற காவலாளி.

"நானா? முன் வரிசையிலயா? நல்லா இருக்கே கதை!"

சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய் விறைப்பாக உட்கார்ந்தார். ஒளி பளிச்சிட்டது. முப்பது நாற்காலிக்கும் முப்பது பேர்.

புகைப்படக்காரர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். தேநீர்க் குவளைகளை எடுத்துவைக்க வரச் சொல்லிக் காவலாளி கதவருகே இருந்து கையை ஆட்டினார். அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார் அக்கா. கவிஞர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அக்கா செருப்புகளைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, இடது காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.