சனிக்கிழமை மெஷின்

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தொடக்கப்பள்ளி பாகூரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. தவளக்குப்பத்தில் பஸ் ஏறி மெயின் ரோட்டில் இறங்கினால் அங்கிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்த ஊரில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். மனைவி இல்லை. மகளும் மருமகனும் அவரோடு இருந்தார்கள், மகன் பிரான்ஸில். ஒரு நாள் மதியம் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"டீச்சரம்மா, என் புள்ள ஒரு மெஷின் அனுப்பியிருக்கான். கம்ப்யூட்டராம். டிவியில மாட்டினா வேல செய்யுமாம். அத வூட்ல வச்சிக்கினு நா இன்னா பண்றது? நம்ம பசங்களுக்குக் கத்துக் குடுங்களேன்."

கம்ப்யூட்டர் என்ற வார்த்தையை நான் செய்தித்தாளில்தான் பார்த்திருந்தேன். எனக்கே தெரியாதே என்றேன். "எனக்கு மட்டும் தெரியுமா? படிச்சிப் பாத்துக்கலாம்" என்றார்.

தலைமையாசிரியர் ஒன்றுதான் கேட்டார்: "செலவு நம்ம தலையில விழாதில்ல?" விழாது என்று சொல்தா சொன்னதும் சரி என்றுவிட்டார்.

மெஷின் மட்டும் இருந்தால் போதாது, மற்ற அறிவியலும் செய்து பார்க்கட்டும் என்று நான் ஒரு தாளில் வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். காந்தம், லென்ஸ், டார்ச் பல்பு, பேட்டரி, செம்புக் கம்பி. பத்துக் காந்தம் என்று எழுதியிருந்தேன். அவர் இருபது வாங்கி வந்தார். டவுனிலிருந்து ஒரு டிவியும், கொல்லைகளில் மோட்டார் பம்புகள் ஓடும்போது கரண்ட் இறங்கிவிடும் என்பதால் ஒரு ஸ்டெபிலைசரும் வேனில் வந்து இறங்கின. பிள்ளைகளுக்குச் சுண்டலுக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

சனிக்கிழமை காலை வேளைகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் சேர்த்து, குண்டூசிகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார்கள். வாய்க்கால் தண்ணீரை லென்ஸ் வழியாகப் பார்த்த ஒருவன் அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். பிறகு மெஷின். அது பார்க்க ஒரு தட்டையான பெட்டி, மேலே எழுத்துப் பட்டன்கள், அவ்வளவுதான். படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது, சில சமயம் உருண்டது. அதோடு வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அதை ஊரில் அவர் ஒருவரால்தான் படிக்க முடியும். அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வார். நான் அதைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அடித்துப் பார்ப்பார்கள். அவருக்குப் புரியாத இடத்தில் இருவருமாக யோசிப்போம். அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கரும்பு வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காதவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கேள்வியாகக் கேட்பாள்.

"நாம சொல்றத மட்டுந்தான் செய்யுமா டீச்சர்?"

"ஆமா."

"தப்பா சொன்னா?"

"தப்பாவே செய்யும்."

"திட்டாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மெஷினே எழுதும்படி செய்தவள் அவள்தான். அடுத்த வாரம் அதையே நிறுத்தாமல் போகச் சொல்லிப் பார்த்தாள். எண்கள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. எந்தப் பட்டனை அழுத்தியும் நிற்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. சொல்தா சிரித்துக்கொண்டே எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார். "நல்லா வேல வாங்கினடி நீ" என்றார்.

அதுதான் கடைசிச் சனிக்கிழமை என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைப் பாதி சாத்தினார். மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது. மேலிடத்துக்குப் போன மொட்டைக் கடுதாசி, அங்கிருந்து அவருக்கு வந்திருந்தது. வயதானவரை மயக்கி, அறிவியல் வகுப்பு என்ற பெயரில் அவர் பென்ஷனை நான் கறப்பதாகவும், சனிக்கிழமைகளில் பள்ளியில் நடப்பது வேறு என்றும் எழுதியிருந்தது. பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

"நா நம்பலம்மா. ஆனா ஊர் வாய மூட முடியுமா? உன் வேல பர்மனென்ட் ஆவ இன்னும் ஆறு மாசம் இருக்கு. நிறுத்திடு. கடுதாசி பத்தி யாருக்கும் தெரிய வேணாம். ஏதாச்சும் காரணம் சொல்லிக்கோ."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "விட்டுடு. நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அவர் கத்தியிருந்தாலாவது நான் எதிர்த்துப் பேசியிருப்பேன் என்று பின்னால் பல முறை நினைத்திருக்கிறேன்.

மறுநாள் பிள்ளைகளிடம் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றேன். சொல்தாவுக்கும் அதையே சொல்லி அனுப்பினேன். அவர் உடனே வந்தார். டவுனில் ரிப்பேர் பார்க்கிற ஆள் இருக்கிறான், எடுத்துப் போகிறேன் என்றார். அப்புறம் பார்க்கலாம் ஐயா, பரீட்சை வருகிறது என்று சமாளித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னேன். வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இப்படி ஒரு பொய் யார் மேல் போய் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. கடைசியாக மெஷினைத் தொட்டவள் அந்தப் பெண். இரண்டு நாளில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. "மெஷின ஒடச்சவ." வரிசையில் அவள் பின்னால் நிற்க மாட்டார்கள். அவள் தொட்ட காந்தத்தை வேண்டுமென்றே கீழே போடுவார்கள். நான் ஒருமுறை அதட்டினேன். "அவ ஒண்ணும் ஒடைக்கல" என்றேன். "அப்ப யாரு டீச்சர் ஒடச்சாங்க?" என்று ஒருவன் கேட்டான். நான் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு அவள் வருவது நின்றது. நான்காம் நாள் அவள் அம்மா வந்தாள். வெட்டுக் கத்தியை வேலியோரம் வைத்துவிட்டு, கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"டீச்சரம்மா, எம்பொண்ணு மெஷின ஒடச்சிட்டாளாமே. சீமையில இருந்து வந்த சாமானாம். நாங்க இன்னாம்மா பண்ணுவோம்? அத அடிச்சிட்டேன். ரெண்டு நாளா சோறு துன்னல. இனிமே அத பள்ளிக்கூடம் அனுப்பல. என்கூட வேலைக்கு வரட்டும். சொல்தா ஐயா கிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

அம்மாவின் கையைப் பிடித்து, பெண் எதையும் உடைக்கவில்லை என்று மறுபடி மறுபடி சொன்னேன். "நீங்க நல்லவங்க, அப்பிடித்தான் சொல்வீங்க" என்றாள். கடைசியில், நாளைக்கு ஒரு நாள் மட்டும் பெண்ணை அனுப்பு என்று கெஞ்சி வாக்கு வாங்கினேன்.

மறுநாள் அவள் வந்தாள். கன்னத்தில் அடிபட்ட தடம் இருந்தது. நான் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, டிவியில் மெஷினை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். திரை வெளிச்சமானது.

"மெஷின் கெட்டுப்போகவே இல்ல. நான் பொய் சொன்னேன். இவ மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன்.

முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன், "ஏன் டீச்சர் பொய் சொன்னீங்க?" என்றான். திட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "பயந்துட்டேன்" என்றேன். எதுக்கு என்று கேட்டுவிடுவானோ என்றிருந்தது. கேட்கவில்லை.

சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் என்னிடம் அதன் பிறகு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்தா இரண்டு நாள் கழித்து வந்தார். அறைக்குள் வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் பார்க்கும்படி மைதானத்தில், வேப்பமரத்தடியில் நின்று பேசினார்.

"கடுதாசி எங்க இருந்து போச்சுன்னு எனக்குத் தெரியும் டீச்சரம்மா. என் வூட்ல இருந்துதான். பெரிய வாத்தியாரு கடுதாசியக் காட்டினாரு. மருமவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீங்க மன்னிக்கணும்."

நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அந்தப் புத்தகத்த தமிழ்ல எழுதிக் குடுத்துட்டு நா வூட்லயே இருந்திருப்பேன். பசங்க பாட்டுக்கு நடத்தியிருப்பீங்க."

அவ்வளவு எளிய வழி ஒன்று இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. ஊர் என்ன சொல்லும், வேலை என்ன ஆகும் என்பதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

அவர் எல்லாவற்றையும் பள்ளிக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். தலைமையாசிரியர் டிவியை மட்டும் வைத்துக்கொண்டார். மெஷினை, நடத்த ஆளில்லை என்று திருப்பி அனுப்பினார். காந்தங்களும் லென்ஸுகளும் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. பரீட்சை முடிந்ததும் எனக்கு அரியூர் பக்கம் மாற்றல் வந்தது. அடுத்த வருஷம் சொல்தா மகனிடமே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். மெஷினைக் கையோடு கொண்டு போனாரா, மருமகன் விற்றானா, தெரியாது.

அந்தப் பெண் படிப்பை விடவில்லை. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். இரண்டு மூன்று வருஷம் கழித்து, தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாவாடை தாவணி யூனிஃபார்மில் அவளைப் பார்த்தேன். வளர்ந்திருந்தாள். அவளாகவே வந்து வணக்கம் சொன்னாள். கணக்கில் நல்ல மார்க் வாங்குவதாகச் சொன்னாள். பிறகு தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டீச்சர், அந்த மெஷின் மெய்யாவே கெட்டுப்போவலியா?"

"அன்னிக்குத்தான் போட்டுக் காட்டினேனே."

"டிவிதான டீச்சர் எரிஞ்சிது. கெட்டுப்போவலன்னு எனக்காவத்தான் நீங்க பொய் சொன்னீங்கன்னு எங்கம்மா இன்னும் சொல்லுது. நீங்க ரொம்ப நல்லவங்களாம்."

இல்லை, முதலில் சொன்னதுதான் பொய் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாகூர் பஸ் வந்துவிட்டது. அவள் தலையாட்டிக்கொண்டே ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நன்றி சொல்வது போல இருந்தது அந்தச் சிரிப்பு. நான் கையை உயர்த்தக்கூட இல்லை.