படிகாரத் தண்ணீர்

கல்யாணமாகி வந்த புதிதில் என்னால் நேராக உட்கார முடியவில்லை. கணவரோடு சேர்ந்த மறுநாளெல்லாம் பிறப்புறுப்பு காந்தியது. சிறுநீர் கழிக்கப் போனால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. இதையெல்லாம் இப்படி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம். மூல வியாதியைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட விவரமாகச் சொல்கிற ஊர் இது. பெண்ணுக்கு அந்த இடத்தில் வலித்தால் மட்டும் ஊருக்கே திடீரென்று வெட்கம் வந்துவிடும்.

நான் ஏலப்பாறைக்காரி. அப்பாவின் தங்கை மகனைக் கட்டிக்கொண்டு சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் லயத்துக்கு வந்தேன். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். எங்கள் பங்குக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. அறையின் குறுக்கே கயிறு கட்டி, அத்தையின் பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அத்தையும் மாமாவும். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் எங்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம், அவ்வளவு கனமான சுவர். இந்த அழகில்தான் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் குடும்பம் நடத்த வேண்டும். சத்தம் வரக்கூடாது, கட்டில் ஆடக்கூடாது, அத்தை புரண்டு படுப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். என் உடம்பு இசைந்ததா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

விடிந்ததும் அத்தை ஒரு செம்பில் வெந்நீர் எடுத்து, அதில் படிகாரக் கல்லைக் கரைத்து வைத்திருப்பார். தேயிலைக் கொழுந்து எடுக்கக் காட்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அதை மறக்கமாட்டார்.

"இந்தா தாயி, இதுல கழுவிட்டு அடுப்படிக்கு வா. உள்ள சாமி படம் இருக்குல்ல."

சவரக்கடையில் கத்தி பட்ட இடத்தில் தடவுவார்களே, அதே கல்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைத் தினமும் காலையில் செம்பில் ஊற்றிக் கொடுப்பார்கள் என்று தெரியாது. எரியுது அத்தை என்று ஒருநாள் சொன்னேன்.

"எரிஞ்சாத்தான் அழுக்குப் போகுதுன்னு அர்த்தம்" என்றார். நானும் நம்பினேன். எரிய எரிய இன்னும் நன்றாகக் கழுவினேன்.

அப்போது நான் சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தேன். தேனிலவுக்கு வருகிறவர்களுக்கென்றே தனி அறைகள் உண்டு. துண்டை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து வைப்பேன். ரோஜா இதழ்களால் மெத்தை மேல் இதயம் போடுவேன். குனியும்போதெல்லாம் பாவாடை உரசி உயிர் போகும். அந்தக் கதவில் உள்தாழ்ப்பாள் இருந்தது. சுவர் நிஜமான சுவராக இருந்தது. பூவைத் தூவிக்கொண்டே வயிறெரிந்தேன். யாரோ ஒருத்தி நிம்மதியாகப் படுக்க நான் மெத்தை போடுகிறேன், எனக்கு ஒரு கதவு கிடையாது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "மொதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும். பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தலைமுறை தலைமுறையாகப் பொறுத்த பெண்கள்தான் இந்த மலை முழுவதும் கொழுந்து எடுக்கிறார்கள். இதில் எந்த பூமி யாருக்குப் பட்டா ஆனது?

பிறகு எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற மலையாளி, "எந்தா பிரஷ்னம்?" என்று உரக்கக் கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "கீழ எரியுது" என்றேன். "புதிய கல்யாணமல்லே?" என்று சிரித்தார். பின்னாலிருந்து இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். ஏதோ மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கையில் வைத்தார். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று ஒரு கேள்வி இல்லை. காலில் முள் குத்திப் போயிருந்தால்கூடக் காலைப் பார்த்திருப்பார்.

வீட்டில் நான் சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தலைவலி, அசதி, நாளைக்கு நோன்பு. என் கணவர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர், முரடர் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"என்னையப் பிடிக்கலன்னா சொல்லிரு. ஏலப்பாறைக்கே, ஒங்கப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன்."

ஒரு புண்ணுக்காக வாழாவெட்டி என்று பெயரெடுத்து நான் ஏலப்பாறைக்குத் திரும்ப வேண்டுமா? "பிடிக்காம இல்ல, வலிக்குது" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவ்வளவு நாள் ஆகியிருந்தது. "போடிக்குப் போவம், அங்க பொம்பள டாக்டர் இருக்காக" என்றார்.

சீசனில் லீவு கேட்டால் ரிசார்ட் மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வாங்கினேன். போடிமெட்டு தாண்டி வளைவு வளைவாக இறங்குகிற பஸ்ஸில் அவர் பக்கத்தில், சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து போனேன்.

போடியில் ஒரு பெண் டாக்டர். என் அனுமதி கேட்டுத்தான் பரிசோதித்தார். முடித்ததும், "என்ன போட்டுக் கழுவுற?" என்றார். படிகாரம் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. எனக்காக ஒருவர் கோபப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுவிட்டேன்.

"வாய்க்குள்ள இருக்கிற தோல் மாதிரிதான் அதுவும். படிகாரம் அதைக் காய வச்சிரும். காஞ்ச இடத்துல, உடம்பு ஈரமாகுறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டா உராஞ்சு கிழியத்தானம்மா செய்யும்?"

படிகாரமும் வேண்டாம், சோப்பும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றார். எரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வெளியே வைக்கச் சொன்னார். இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை. சேர்ந்த பிறகு சிறுநீர் கழித்துவிட வேண்டும். புண் ஆறுகிறவரை கிட்டே போகவே கூடாது. ஆறிய பிறகும் மெதுவாகத்தான், வேண்டுமானால் அதற்கென்றே மருந்துக் கடையில் விற்கிற வழவழப்பான ஜெல்லியைத் தடவிக்கொள்ளலாம். சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னார். காய்ச்சல், ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று எது வந்தாலும், வலி தொடர்ந்தாலும் திரும்பி வரவேண்டும் என்றார். அத்தனையும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதை எனக்குச் சொல்ல மலை மேல் ஒரு நாதி இல்லை.

அப்புறம் என் கணவரை உள்ளே கூப்பிட்டார். அவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இங்க பாருங்க. வலிக்குதுன்னு அவ சொன்னா அங்கேயே நிறுத்தணும். புரியுதா?"

"சரிங்க டாக்டர்" என்றார், காலண்டரிடம்.

திரும்பும்போது போடிமெட்டில் டீ குடிக்க இறங்கினோம். "என்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாம்ல?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போலச் செம்பு வந்தது. நான் அதை வாங்கி, அத்தையின் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினேன்.

"ஏட்டி, சுத்தபத்தம் இல்லாம..." என்று ஆரம்பித்தார்.

"இதுதான் அத்தை என்னையப் புண்ணாக்குனது. காய வச்சு, எரிய விட்டு, இன்னும் கிழிக்குமாம். டாக்டர் சொன்னாங்க. இனிமே இது எனக்கு வேண்டாம்."

என் குரல் உயர்ந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், பதிலுக்குத் திட்ட என்னிடம் நிறைய இருந்தது. அத்தை திட்டவில்லை. காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு எங்க மாமியா குடுத்தாக" என்றார். "இன்னைக்கு வரைக்கும் அதுலதான் கழுவுறேன். காட்டுல நின்னா எரியும், ஒக்காந்தா எரியும். பொம்பளைன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன்."

எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை. அவர் மூத்த பிள்ளைக்குத்தான் நான் வாக்கப்பட்டிருக்கிறேன், அந்தப் பிள்ளையின் வயதுக்கு மேலேயே இருக்கும். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதைக் கொட்ட நினைத்த ஆள் எனக்கு முன்பே எரிந்துகொண்டு நின்றார். இந்த வீட்டுத் திரைக்கு இரண்டு பக்கமும் ஒரே வலிதான் படுத்திருந்திருக்கிறது.

காட்டுக்குப் போக மணி அடித்தது. அத்தை கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். அப்புறம் திரும்பி, மாமாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஒனக்கு அடுத்த லீவு என்னைக்கு?"